வாசகர் கேள்வி–பதில்: முதலில் தகட்டைப் பாருங்கள், என்ஜினைப் பிறகு பார்க்கலாம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது, பராமரிப்பது குறித்து உங்கள் ஐயங்களை எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரிட்டனில் வாழும் வாசகர்களிடமிருந்து வந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற ஒரே காரைச் சுற்றியே இருந்தன. இது வியப்பில்லை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 1990 முதல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்து, 2016 ஏப்ரலில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட இந்தச் சிறிய இருவர் கார், சாதாரண வருமானம் உள்ளவர் வாங்கி, தாமே ஓரளவு பழுது பார்த்து வைத்துக்கொள்ளக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் முதன்மையானது. எனவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

1990களில் வந்த எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்குவதற்காக ஐந்தாயிரம் பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். விளம்பரப் படங்களில் எல்லாக் கார்களும் பளபளவென்றுதான் இருக்கின்றன. நேரில் போய்ப் பார்க்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், லெஸ்டர்

என்ஜின் மூடியைத் திறப்பதற்கு முன் காரின் பக்கவாட்டில் மண்டியிட்டு உட்காருங்கள். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை, பெட்டி போல மடிக்கப்பட்ட ஒரு தகட்டுப் பகுதி ஓடும். பட்டறைகளில் அதை 'சில்' என்பார்கள். நிலையான கூரை இல்லாத காரில் உடலின் விறைப்பில் பெரும்பங்கைத் தாங்குவது இந்தப் பகுதிதான். எம்எக்ஸ்-5 வகைக் கார்கள் அழிவதும் பெரும்பாலும் இங்கிருந்துதான், குறிப்பாகப் பின் சக்கர வளைவோடு சில் சேருகிற கடைசி ஓர் அடி நீளத்தில்தான் தொடங்குகிறது.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பது தானே விளங்கும். துணிக்கூரையின் மேல் விழுகிற மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள வடிகால் குழாய்கள் வழியாக இறங்கிக் காருக்கு அடியில் வெளியேற வேண்டும். இலைச் சருகும் தூசியும் அந்தக் குழாய்களை அடைத்துக்கொண்டால், நீர் வெளியேற வழியில்லாமல் காருக்குள்ளும் சில்லின் உட்புறத்திலும் தேங்குகிறது. வெளிப்புறத்திலோ, குளிர்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பு சேற்றோடு கலந்து சக்கர வளைவின் மடிப்பில் அப்பிக்கொள்கிறது. உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் துரு தின்பதால், வண்ணப்பூச்சின் மேல் சிறு கொப்புளம் ஒன்று தெரியும்போது அதற்குப் பின்னால் உள்ள தகடு பெரும்பாலும் சல்லடையாகிவிட்டிருக்கும்.

ஆகவே அந்த இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உறுதியான தகடு தரும் ஒலிக்கும், மாவுப்பூச்சால் நிரப்பிய இடம் தரும் மந்தமான ஒலிக்கும் வேறுபாடு எளிதில் தெரியும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு சென்றால் ஐயம் முழுவதும் தீர்ந்துவிடும். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வடிகால் அடைத்திருக்கிறது அல்லது கூரை கிழிந்திருக்கிறது. அடிப்பகுதியில் அண்மையில் கருப்புப் பூச்சு பூசப்பட்டிருந்தால், பூசுவதற்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். நல்ல நோக்கத்தோடு பூசியவர் பெரும்பாலும் படம் எடுத்து வைத்திருப்பார்.

பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனச் சோதனையான எம்.ஓ.டி.யில் இருக்கைப் பட்டை, சஸ்பென்ஷன் போன்றவை பொருத்தப்பட்டுள்ள புள்ளிகளிலிருந்து 30 செ.மீ. தொலைவுக்குள் உள்ள தகடு வலுவிழக்கும் அளவுக்கு அரித்திருந்தால் கார் தோல்வியடையும். மாவுப்பூச்சை வைத்து அதை மறைப்பது சீரமைப்பாக ஏற்கப்படாது. அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்து முறையாக வெல்டிங் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்வதற்கான கூலி, நீங்கள் சொல்லும் விலையில் உள்ள காரின் மதிப்பில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக் காரைப் பார்ப்பதாக இருந்தால் இன்னோர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ஜினின் இரு பக்கமும் முன்னோக்கி நீளும் சட்டக் கால்கள் அவற்றில் பல அடுக்குத் தகடுகளால் ஆனவை. நீர் அந்த அடுக்குகளுக்கிடையே புகுந்தால், வெளியே நன்றாகத் தெரியும் போதே உள்ளே அரித்துவிடுகிறது. காரைத் தூக்கி நிறுத்தாமல் இதைச் சரியாகப் பார்க்க முடியாது. தூக்கிப் பார்க்க விற்பவர் இசையவில்லை என்றால் வேறு காரைத் தேடுங்கள்.

நேரில் போவதற்கு முன்பே, பதிவு எண்ணை இட்டு அரசுத் தளத்தில் பழைய எம்.ஓ.டி. முடிவுகளை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஆண்டில் எதனால் தோற்றது, எதைப் பற்றி எச்சரிக்கப்பட்டது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். சில் அரிக்கத் தொடங்கியுள்ளது என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்டு, நான்காம் ஆண்டில் அந்தக் குறிப்பு திடீரென மறைந்திருந்தால், இடையில் யார் எப்படிச் சரி செய்தார்கள் என்பதற்கான ரசீதைக் கேளுங்கள்.

உங்கள் ஐந்தாயிரத்தில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் காருக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மீதியை முதலாண்டுச் செலவுக்கென்று தொடாமல் வையுங்கள். களைத்த என்ஜினும் உறுதியான உடலும் உள்ள காருக்கும், இனிமையான என்ஜினும் அரித்த உடலும் உள்ள காருக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், தயங்காமல் முதலாவதை எடுங்கள். ஓடிய என்ஜின் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம். உடலை மாற்றுவது என்பது வேறொரு கார் வாங்குவதுதான்.

ஒரே ஆண்டில் வந்த இரண்டு கார்கள் விற்பனைக்கு உள்ளன. ஒன்று 38,000 மைல் ஓடியது, மற்றொன்று 1,20,000 மைல் ஓடியது. விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. குறைவாக ஓடியதை வாங்குவதுதானே அறிவுடைமை?
– வாசகர், கோவென்ட்ரி

மைல் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். முப்பது ஆண்டுகளில் 38,000 மைல் மட்டுமே ஓடிய கார், அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை நின்றுகொண்டே கழித்திருக்கிறது. நிற்கும் காரில் ரப்பர் சீல்கள் உலர்கின்றன, பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்கள் இறுகிக்கொள்கின்றன, பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. இந்தக் காரின் பின் காலிப்பர்களில் கைப்பிரேக் இயங்கும் பகுதி இறுகுவது நன்கு அறியப்பட்ட குறை. ஓடாத கார்களில் அது இன்னும் அதிகம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். குறைவாக ஓடிய காரில் டயரின் வரிகள் ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் பதினைந்து ஆண்டு பழையதாகக் கல் போல் இறுகியிருக்கும். ஈரச் சாலையில் அத்தகைய டயரோடு பின் சக்கரத்தால் உந்தப்படும் காரை ஓட்டுவது ஆபத்தானது.

1,20,000 மைல் ஓடிய காரின் உரிமையாளரிடம் ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றியதற்கும், என்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் மாற்றியதற்கும் ரசீதுகள் இருந்து, தகடும் உறுதியாக இருந்தால் நான் அதையே வாங்குவேன். இந்த என்ஜின்கள் முறையாக எண்ணெய் பெற்றால் அதைவிடக் கூடுதலான தூரத்தைத் தாங்கக்கூடியவை.

பார்க்கப் போன காரில் என்ஜினின் மேற்புறத்திலிருந்து டிக்-டிக் என்று ஓர் ஒலி வந்தது. "எல்லா எம்எக்ஸ்-5-களும் இப்படித்தான்" என்றார் விற்பவர். நம்பலாமா? என்ஜினில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

அவர் சொன்னதில் உண்மை உண்டு. முதல் தலைமுறைக் கார்களில் வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தமே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு இருக்கிறது. எண்ணெய் பழசானாலோ கார் நெடுநாள் நின்றிருந்தாலோ, அந்தச் சிறு உருளைகளில் எண்ணெய் நிறையத் தாமதமாகி ஒலி எழும். என்ஜின் சூடானதும் அது மறைந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. புது எண்ணெயும் வடிகட்டியும் மாற்றி, சில நூறு மைல் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சூடான பிறகும் தொடர்ந்தால், அல்லது என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து கனத்த தட்டல் ஒலி வந்தால், அது வேறு நோய்.

ஆகவே கார் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போதுதான் முதன்முறையாக ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், மூடியின் மேல் கை வைத்தாலே தெரிந்துவிடும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

1989 முதல் 1991 வரை தயாரான 1.6 லிட்டர் கார்களில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவற்றின் கிராங்க் தண்டின் முன் மூக்குப் பகுதி குட்டையானது. முன்பு யாரேனும் டைமிங் பெல்ட் மாற்றியபோது அங்குள்ள போல்ட்டை உரிய அளவுக்கு இறுக்காமல் விட்டிருந்தால், கப்பியைத் தண்டோடு பிணைக்கும் சாவித்துண்டும் அது பொருந்தும் பள்ளமும் தேய்ந்து, கப்பி ஆடத் தொடங்கி, டைமிங் நழுவி, காரின் வலு குறையும். என்ஜின் ஓடும்போது அடியில் உள்ள கப்பி நேராகச் சுழல்கிறதா, அசைந்து சுழல்கிறதா என்று பாருங்கள். கப்பியின் முகப்பில் நான்கு வெட்டுகள் இருந்தால் அது குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னர் வந்த நீண்ட மூக்கு. நான்கு வெட்டுகள் இருப்பதாலேயே காரை ஒதுக்க வேண்டியதில்லை. ஆடாமல் இருந்தால், அடுத்த முறை பெல்ட் மாற்றும் மெக்கானிக்கிடம் இதை மறவாமல் எடுத்துச் சொன்னால் போதும்.

டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதல் தலைமுறை என்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வைத் தாக்காது என்பது ஆறுதலான செய்தி. ஆனாலும் நெடுஞ்சாலையின் நடுவில் நிற்க நேரிடும் என்பதால் அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். பெல்ட் மாற்றும்போதே தண்ணீர்ப் பம்பையும் முன்பக்க எண்ணெய் சீல்களையும் மாற்றிவிடுங்கள். அதே கூலியில் முடிகிற வேலை அது. ரேடியேட்டரின் மேல் தொட்டி கருப்பு நிறத்திலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் பிளாஸ்டிக் நொய்ந்துவிட்டது என்று பொருள். வெடிப்பதற்கு முன் மாற்றுவது, வெடித்த பிறகு சூடேறிப்போன என்ஜினைச் சரிசெய்வதைவிட மலிவு.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியர் குளிரில் சற்று அடம்பிடிப்பது இயல்பு. சூடான பிறகும் அரைபட்டால் கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் மிதி மெதுவாகத் தரையோடு போனால் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. விலை குறைந்த பாகம், வீட்டிலேயே மாற்றலாம்.

நான் ஹாரோவில் இருக்கிறேன். புகை மிகுந்த பழைய வண்டிகளுக்கு இலண்டனில் வசூலிக்கும் யூலெஸ் கட்டணத்துக்குப் பயந்து இந்தக் கார் ஆசையை விட்டுவிட வேண்டுமா? பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி வாங்கினால் கட்டணம் இல்லை என்கிறார்கள், உண்மையா?
– வாசகி, ஹாரோ

2023 ஆகஸ்ட் 29 முதல் இலண்டனின் எல்லாப் பேரூராட்சிகளும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டதால், யூரோ 4 என்ற புகைத் தரத்தை எட்டாத பெட்ரோல் காரை வீட்டு வாசலிலிருந்து எடுத்தாலே அந்த நாளுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 அந்தத் தரத்துக்கு முந்தியது. பின்னாளில் வந்த கார்களுள் எது தேறும் என்பதைப் பதிவு எண்ணைக் கொண்டு இலண்டன் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, வெயில் உள்ள மாதங்களில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் ஆண்டுக் கட்டணம் தாங்கக்கூடியதாகவே இருக்கும். தினமும் வேலைக்கு ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம்.

எம்ஜிபி பற்றிக் கேள்விப்பட்டது உண்மை. 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரான அந்தக் கார்கள் அனைத்தும் நாற்பது ஆண்டு எல்லையைக் கடந்துவிட்டன. எனவே பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவில் விண்ணப்பித்து வரலாற்று வாகனம் என்ற வரிப்பிரிவுக்கு மாற்றிக்கொண்டால் சாலை வரி இல்லை, யூலெஸ் கட்டணமும் இல்லை. பெரிய மாற்றங்கள் செய்யப்படாத காராக இருந்தால் எம்.ஓ.டி. கட்டாயமும் இல்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் சோதனைக்கு அனுப்புங்கள் என்றே நான் வற்புறுத்துவேன். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் வேறொருவர் கண் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது உயிரைக் காக்கும்.

ஆனால் எம்ஜிபி வேறு காலத்துக் கார். கார்புரேட்டரைச் சீர்செய்யவும், அடிக்கடி கிரீஸ் இடவும், மின்னிணைப்புகளைத் துப்புரவாக வைக்கவும் பழக வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு பொது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டதால், வால்வு இருக்கைகள் கடினமான உலோகத்தால் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். துரு இதிலும் சில்லில்தான் தொடங்கும். காரை ஜாக்கியால் தூக்கும்போது கதவு இடைவெளி சுருங்கினால் உடல் வலுவிழந்துவிட்டது என்று அறியலாம். மறுபக்கம், இதற்கு முழு உடலையே புதிதாக வாங்க முடியும் என்ற அளவுக்குப் பாகங்கள் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் எண்ணெய் படுவதை விரும்புகிறவராக இருந்தால் எம்ஜிபி, சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும் என்றால் எம்எக்ஸ்-5.

1990-இல் தயாரான எம்எக்ஸ்-5, இப்போதைய விதி மாறாதிருந்தால், 2031 ஏப்ரலில் அதே சலுகையைப் பெறும். தகடு உறுதியான ஆரம்பகாலக் கார் ஒன்று கிடைத்தால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜப்பானிலிருந்து இறக்குமதியான 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்ற பெயரில் அதே கார் விற்கப்படுகிறது. வாங்கலாமா?
– வாசகர், பர்மிங்ஹாம்

வாங்கலாம். ஜப்பானில் யூனோஸ் என்ற விற்பனைக் கிளை வழியாக விற்கப்பட்ட அதே எம்எக்ஸ்-5தான் அது, ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. பலவற்றில் ஏசி இருக்கும். பிரிட்டனில் 1995 முதல் விற்ற முதல் தலைமுறை 1.6 லிட்டர் காரின் திறன் சுமார் 90 குதிரைத்திறனாகக் குறைக்கப்பட்டிருந்தது. அந்த வகையில் ஜப்பான் கார் மேலானது.

அண்மையில் வந்திறங்கிய காராக இருந்தால் தகடு பெரும்பாலும் நன்றாக இருக்கும். இருபது ஆண்டுக்கு முன்பே வந்து பிரிட்டனின் உப்புச் சாலைகளில் ஓடிய காராக இருந்தால், 'இறக்குமதி' என்ற சொல்லுக்காக ஒரு பவுண்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். வேகமானி கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாற்றப்பட்டபோது ஓடிய தூரக் கணக்கு குழம்பியிருக்கலாம் என்பதையும், பின்புற மூடுபனி விளக்கு பிற்பாடு பொருத்தப்பட்டது என்பதால் அது ஒழுங்காக எரிகிறதா என்பதையும் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் இறக்குமதிக் கார் என்று முன்பே சொல்லி விலை கேட்டுவிடுங்கள்.

இருபத்தொரு வயது மகன் டர்போ பொருத்திய எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தாயாக எனக்கு அச்சமாக இருக்கிறது.
– வாசகி, இல்ஃபோர்ட்

உங்கள் அச்சம் நியாயமானதே, அம்மா. முதல் தலைமுறைக் காரின் எடை ஏறத்தாழ ஒரு டன். ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் காற்றுப்பையும் இல்லை, ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. ஆரம்பகால 1.6 லிட்டர் காரில் தயாரானபோது இருந்த சுமார் 115 குதிரைத்திறன் அந்த உடலுக்கும் பிரேக்குக்கும் ஏற்ற அளவு. பின்னர் யாரோ ஒருவர் டர்போ பொருத்திய காரில், அதற்கேற்பப் பிரேக்கும் கிளட்சும் எரிபொருள் அமைப்பும் மாற்றப்பட்டனவா என்பதை வாங்குகிறவர் கண்டறிவது கடினம்.

மகனிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல் இரண்டு நிபந்தனைகளைச் சொல்லுங்கள். மாற்றம் செய்யாத கார்தான் வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே அவர் பெயரில் காப்பீட்டு விலை எழுத்தில் வாங்கிக் காட்ட வேண்டும். மாற்றங்களைக் காப்பீட்டாரிடம் மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதை அவருக்குத் தெளிவாக எடுத்துரையுங்கள். நல்ல டயர் நான்கும், ஈரச் சாலையில் பின்சக்கர உந்து காரைக் கையாளக் கற்றுத்தரும் ஒரு நாள் பயிற்சியும், டர்போவைவிட அவருக்கு அதிக இன்பம் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விற்பவரிடம் காரின் பதிவுப் பத்திரமான வி5சி லாக் புக் இருந்தால் கார் அவருடையது என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?
– வாசகர், சவுத்தால்

கூடாது. அந்தப் பத்திரம் பதிவு பெற்ற பொறுப்பாளர் யார் என்பதைத்தான் காட்டுகிறது. சட்டப்படியான உரிமைக்கு அது சான்றில்லை என்று அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. கடன் பாக்கி, திருட்டு, காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்ட கார் ஆகியவற்றைக் காட்டும் கட்டணச் சோதனை ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். அதில் 'எஸ்' என்ற பிரிவு வந்தால் சட்டகம் சேதமடைந்து சீர்செய்யப்பட்ட கார் என்று பொருள். வணிகரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள காரை முப்பது நாளுக்குள் திருப்பும் உரிமை உண்டு. தனியாரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. பெரும்பாலும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகக் கார் இருந்தால்தான் வழக்குக்கு இடமுண்டு. எனவே விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வாங்கியாகிவிட்டது, 1996-ஆம் ஆண்டு 1.8 லிட்டர். ஆண்டுக்கு மூவாயிரம் மைலுக்கு மேல் ஓட்ட மாட்டேன். எப்படிப் பராமரிப்பது?
– வாசகர், ரெடிங்

வாழ்த்துகள். வாங்கிய முதல் மாதத்திலேயே, முந்தைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும், எல்லாத் திரவங்களையும் மாற்றிவிடுங்கள். என்ஜினுக்கு நல்ல தரமான 10டபிள்யூ-40 எண்ணெய் போதும். அதன்பின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர எண்ணெயும், பின் சக்கரங்களுக்கு வலுவைப் பிரித்தளிக்கும் டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 தர எண்ணெயும் வேண்டும். இரண்டும் 75டபிள்யூ-90 தான் என்பதால் பலர் ஒன்றையே இரண்டுக்கும் ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-5 எண்ணெயில் உள்ள சில சேர்மங்கள் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களுக்கு ஆகாதவை என்பதால் இந்த வேறுபாட்டைக் கடைப்பிடியுங்கள். கியர்க் கம்பியின் அடியில் தனிச் சிறு கிண்ணம் போன்ற பகுதியில் கொஞ்சம் எண்ணெய் இருக்க வேண்டும். அதையும் அங்குள்ள கிழிந்த ரப்பர் உறைகளையும் புதுப்பித்தால், கியர் மாற்றுவதன் இதமே வேறாகிவிடும். இந்தக் காரில் குறைந்த செலவில் அதிக மகிழ்ச்சி தரும் வேலை இதுதான். பிரேக் எண்ணெயையும் கூலண்டையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பேட்டரி டிக்கியின் வலப்பக்கத்தில் இருப்பதால், சாதாரண பேட்டரி வைக்கக் கூடாது. ஆவியை வெளியேற்றும் குழாய் இணைப்புள்ள பேட்டரியையே வாங்கி, அந்தக் குழாய்களை உண்மையிலேயே மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அமில ஆவி டிக்கித் தகட்டை அரித்துவிடும்.

இனி முதன்மையான வேலைக்கு வருகிறேன். இலையுதிர் காலம் முடிந்ததும், வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயையோ தடித்த நைலான் இழையையோ கூரை வடிகால்களுக்குள் மெதுவாக விட்டு அடைப்பை நீக்கி, ஒரு குவளை நீர் ஊற்றிப் பாருங்கள். இரு பக்கமும் காருக்கு அடியில் நீர் தாராளமாக ஒழுக வேண்டும். ஒழுகவில்லை என்றால் அன்றே சரிசெய்யுங்கள். காரை நன்கு உலரவிட்ட பிறகு, சில்லின் உட்புறத்துக்கென்றே விற்கப்படும் துருத்தடுப்பு மெழுகை, அதிலுள்ள துளைகள் வழியாக நீண்ட முனைக் குழாயால் பீய்ச்சி நிரப்புங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் செய்ய வேண்டும். சாலையில் உப்புத் தூவிய நாளில் ஓட்ட நேர்ந்தால், வீடு திரும்பியதும் அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் நீர் பாய்ச்சிக் கழுவுங்கள்.

நான்கு சக்கரங்களையும் மேலும் கீழும் இரு கைகள் தாங்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் உள்ள கார் இது. சக்கரச் சீரமைப்பு சரியாக இருந்தால்தான் அதன் உண்மையான குணம் வெளிப்படும். சக்கரக் கோணங்களை மாற்றும் போல்ட்டுகள் துருப்பிடித்துத் தங்கள் உறைக்குள்ளேயே இறுகிக்கொள்வது வழக்கம் என்பதால், அவை இளகுகின்றனவா என்று பட்டறையில் முதலில் பார்க்கச் சொல்லிவிட்டுச் சீரமைப்புக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் காரின் கூரையில் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது. கூரையை மடக்குமுன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகக் கிடத்த வேண்டும். கடுங்குளிரில் மடக்கினால் வெடித்துவிடும்.

குளிர்காலம் முழுவதும் சாலைக்கு எடுக்காமல், வரியும் காப்பீடும் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டிவிஎல்ஏ அலுவலகத்துக்கு அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும். நிறுத்தும்போது கைப்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். பெட்ரோலைப் பொறுத்தவரை, 10 சதவீத எத்தனால் கலந்த எரிபொருள் உங்கள் காருக்கு ஏற்றதா என்பதை அரசுத் தளத்தில் பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் 5 சதவீதம் கலந்த உயர்தரப் பெட்ரோலையே நிரப்புங்கள். மூவாயிரம் மைலுக்கு அந்தக் கூடுதல் செலவு பெரிதாக இராது.

இங்கிலாந்தில் உள்ள உறவினர் ஒருவர் தம் 1993 எம்எக்ஸ்-5-ஐ எனக்குத் தர விரும்புகிறார். கோயம்புத்தூருக்குக் கொண்டுவர முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியாது. இந்தியாவின் இறக்குமதி விதிப்படி, பயன்படுத்திய கார் தயாராகி மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. மாஸ்டா நிறுவனம் இந்தக் காரை இந்தியாவில் விற்றதும் இல்லை. இங்கிலாந்து செல்லும்போது அவருடைய காப்பீட்டில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஓட்டிப் பாருங்கள்.

இன்னும் பத்து ஆண்டு கழித்து இந்தக் காருக்குப் பாகங்கள் கிடைக்குமா?
– வாசகர், கார்டிஃப்

இயந்திரப் பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். இத்தனை எண்ணிக்கையில் உலகெங்கும் விற்ற காருக்குப் பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன், சீல்கள் ஆகியவற்றைத் தனி நிறுவனங்கள் தொடர்ந்து செய்துவருகின்றன. மாஸ்டா நிறுவனமே 2017-இல் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களுக்கான புதுப்பிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்து, துணிக்கூரை, ஸ்டியரிங் சக்கரம், 185/60 ஆர்14 அளவுள்ள அக்காலத்து டயர் உள்ளிட்ட பாகங்களை மீண்டும் தயாரிக்க ஏற்பாடு செய்தது. முப்பது ஆண்டுக்கு முன் விற்ற மலிவான காருக்கு ஒரு நிறுவனம் இவ்வளவு செய்வது அரிது, பாராட்டுக்குரியது.

தட்டுப்பாடு வரக்கூடியது உட்புற அலங்காரப் பாகங்களுக்கும், மேலெழும் முகப்பு விளக்குகளின் மூடி, கதவோரப் பட்டை போன்ற சிறு வெளிப்பாகங்களுக்கும்தான். உடைக்கப்படும் கார்களிலிருந்து நல்ல நிலையில் கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில்லுக்கும் பின் சக்கர வளைவுக்குமான தகடுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைப் பொறுமையாகப் பொருத்தத் தெரிந்த வெல்டர்கள் குறைந்துவருகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், காரில் அரிப்பு தொடங்குமுன்பே போய் அவரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.